ஞானையனுக்கு வந்த வசனம்

பேச்சிப்பாறைக்குக் கீழே ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டும் ஞானையனுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆள் நெடுநெடுவென்று இருப்பார். காட்டுப்பன்றி எதிரே வந்தாலும் ஒதுங்கி நின்று வழிவிட்டு, அது போனதும் அடுத்த மரத்துக்கு நகர்கிறவர். ஆனால் ஒரு முடிவு எடுக்கச் சொன்னால் போதும், முகம் வெளிறிவிடும். கடையில் டீயா காப்பியா என்று கேட்டால்கூட, "முன்னால வந்த ஆளுக்கு என்ன குடுத்தியளோ அதத் தாரும்" என்பார். கேலிக்குச் சொல்வதல்ல, நிஜமாகவே அப்படித்தான்.

அவர் போகிற சபையில், அந்தப் பக்கத்துச் சபைகள் பலவற்றையும்போல, வருஷப்பிறப்பன்று வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். வேதத்திலிருந்து ஆறுதலான வசனங்களாகப் பொறுக்கி, சின்ன அட்டைகளில் அச்சடித்து, ஒரு தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஜனவரி முதல் தேதி காலை ஆராதனை முடிந்ததும் வரிசையாகப் போய் ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். கையில் வந்த வசனம் அந்த ஆண்டுக்கு ஆண்டவர் தந்த வார்த்தை. மற்றவர்கள் அதை வேதப்புத்தகத்துக்குள் சொருகிவிட்டு ஈஸ்டருக்குள் மறந்துவிடுவார்கள். ஞானையன் மறக்கமாட்டார். வருஷம் முழுக்க அந்த அட்டைதான் அவருக்கு எஜமான். ஊரில் அவருக்குப் பெயரே 'கார்டு ஞானையன்'.

இந்தப் பைத்தியம் சும்மா பிடிக்கவில்லை. இருபத்திரண்டாவது வயதில் அவருக்கு வந்த வசனம், பொறுத்து உன் இடத்திலே இரு என்கிற மாதிரியான ஒன்று. கூட்டாளிகள் குஜராத்துக்கு இறால் கம்பெனி வேலைக்குக் கிளம்பினார்கள். ஞானையனும் கிளம்பிவிட்டார். நாலாவது மாதம் அப்பா அயனிமரத்திலிருந்து விழுந்து செத்தார். தகவல் கிடைத்து, ரயிலேறி, ஊர் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பெட்டிக்குப் பின்னால் நடந்த ஒரே மகன் பதினாலு வயதுத் தம்பி யோவான்தான். அம்மா வேறொன்றும் ஏசவில்லை. "ஆண்டவரு இருன்னு சொன்னாரு, நீ போனியே மக்கா" என்றாள். அந்த ஒரு சொல்லில் ஆள் முடிந்துபோனார்.

அதற்குப் பிறகு எல்லாம் அட்டைப்படிதான். கல்யாணத்துக்கு இரண்டு பெண் பார்த்து வைத்திருந்தார்கள். அந்த வருஷ வசனத்தில் கொடி என்று ஒரு சொல் இருந்தது. ஒரு பெண் வீட்டில் தென்னை மட்டும்தான். இன்னொரு வீட்டுப் பலாவில் நல்லமிளகுக் கொடி ஏறியிருந்தது. அந்த வீட்டுப் பெண்தான் ஜெஸ்பின். "என்னப் பாத்துக் கெட்டல்ல, நல்லமொளகப் பாத்துக் கெட்டினாரு" என்று இருபத்தைந்து வருஷமாகச் சொல்லிக் காட்டுகிறாள். மகள் பெபிஷா பி.காம். படிக்க ஆசைப்பட்டாள். அப்பாவுக்கு வந்ததோ சுகம் தருவதைப் பற்றிய வசனம். ஆகவே நர்ஸிங். இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். போனில் சண்டை வரும்போதெல்லாம் அதை எடுத்துப் பேசாமல் விடமாட்டாள்.

ஞானையனுடைய நியாயம் இதுதான்: கேட்டு நடந்தால் பாவமில்லை. தானாக நினைத்துச் செய்வதுதான் பாவம். ஜெபத்தில் பெரியவர்கள் 'சுயசித்தத்தை அழியும் ஆண்டவரே' என்று கதறுவதைச் சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு, சுயசித்தம் என்றாலே வாலும் கொம்பும் வைத்த ஒன்று என்று மனதில் பதிந்துவிட்டது.

போன வருஷம் யோவானுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. சரக்கு டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தவன், இப்போது வாரத்துக்கு மூன்று நாள் நாகர்கோவிலுக்குப் போய் டயாலிசிஸ் மிஷினுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தான். கால் வீங்கி, முகம் கறுத்து, நாற்பத்திநாலு வயதில் அண்ணனைவிட மூத்தவனாகத் தெரிந்தான். அவன் பெண்டாட்டி சபிதாவுக்குச் சர்க்கரை. அவளால் கொடுக்க முடியாது. நவம்பரில் ஞானையனுக்குப் பரிசோதனை செய்தார்கள். எல்லாம் பொருந்தியது. தருவீர்களா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். ஞானையன் சொன்னார்:

"வருசம் பெறக்கட்டு. வாக்குத்தத்தம் எடுத்துட்டுச் சொல்லுதேன்."

உண்மையைச் சொன்னால், அவருக்குக் கொடுக்க மனமில்லை. உடம்பில் கத்தி வைப்பதை நினைக்கவே பிடிக்கவில்லை. ஒரு கிட்னியோடு மேட்டிலும் சரிவிலும் முந்நூறு மரம் வெட்ட முடியுமா, பால் வாளியைச் சுமக்க முடியுமா என்ற பயம். தம்பி சாகக்கூடாது என்றும் இருந்தது, தன்னைத் தொடாமல் அவன் பிழைத்துக்கொண்டால் தேவலை என்றும் இருந்தது. இரண்டையும் ஆண்டவர் பார்க்கிறாரே என்று வேறு கூசினார்.

ஜனவரி முதல் தேதி தட்டுக்கு முன்னால் போய் நின்றார். மேலே இருப்பதை எடுப்போமா, அடியில் இருப்பதை எடுப்போமா என்று ஒரு யோசனை வந்தது. அப்படி யோசிப்பதே சுயசித்தம் என்று பயந்து, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். வெளியே வந்து மதில் ஓரமாக நின்று படித்தார்.

பாவம் செய்த தேவதூதர்களைத் தேவன் தப்பவிடவில்லை, சங்கிலியால் கட்டி, தீர்ப்பு நாள்வரைக்கும் இருட்டில் போட்டு வைத்திருக்கிறார் என்று இருந்தது. அதற்குக் கீழே ரோஜாப்பூ படம். புத்தாண்டு வாழ்த்துகள்.

மூன்று தரம் படித்தார். தம்பிக்குக் கொடுக்க மனமில்லாததைக் கண்டுகொண்டாரே ஆண்டவர் என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த நிமிஷமே, கொடுத்தால்தான் இந்தக் கதியோ, ஆண்டவர் வைத்த உறுப்பை அறுத்துக் கொடுப்பதுதான் மீறலோ என்றும் தோன்றியது. எப்படித் திருப்பிப் பார்த்தாலும் சங்கிலி மட்டும் அப்படியே இருந்தது.

"என்ன வசனம் வந்து?" ஜெஸ்பின் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால், மாமரத்தடியில், பிளாஸ்டிக் நாற்காலியில் யோவான் உட்கார்ந்திருந்தான். நடந்து வர முடியாமல் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞானையன் அட்டையைச் சட்டைப்பைக்குள் தள்ளினார். "பயப்படாதேன்னு வந்திருக்கு."

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. ஜெஸ்பின் ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே மாமரத்தடிக்குப் போனாள். அவள் சொல்லச் சொல்ல யோவான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். சபிதா அங்கேயே மணலில் முழங்கால் போட்டாள். கோயிலிலிருந்து வெளியே வந்தவர்கள் எல்லாம் ஞானையனுக்குக் கை கொடுத்தார்கள். ஆண்டவரே சரி என்று சொல்லிவிட்டாராமே! வாழ்க்கையில் அட்டையைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய், பத்து நிமிஷத்தில் ஊர் முழுக்க சாட்சியாகப் பரவிவிட்டது.

அன்றையிலிருந்து நிம்மதி போயிற்று. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஏற்பாடாயிற்று. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், அவர் எல்லாவற்றுக்கும் கையை நீட்டினார். தோட்டத்தில் கத்தி பட்டைக்குள் ஆழமாக இறங்கி இரண்டு மரத்தில் காயம் பட்டது. முப்பது வருஷத்தில் அவர் மரத்தைக் காயப்படுத்தியதில்லை. பொய் சொல்லிவிட்டேன் என்று ஜெஸ்பினிடம் சொல்லலாம். சொன்னால் தம்பி இரண்டாம் தரம் சாவான். சொல்லாவிட்டால் பொய்யின் பேரில் மேஜையில் படுக்கவேண்டும். கத்தியின் கீழே மயங்கிக் கிடக்கும்போது ஆண்டவர் கணக்குத் தீர்க்க வந்தால் என்ன பதில் சொல்வது?

ஜனவரிக் கடைசியில் ஒருநாள் சாயங்காலம் போதகரைப் போய்ப் பார்த்தார். புதிதாக மாற்றலாகி வந்தவர், முப்பத்திநாலு வயதுதான் இருக்கும். குழந்தையின் சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். ஞானையன் அட்டை விஷயத்தை எடுக்கவில்லை. சும்மா கேட்பதுபோலக் கேட்டார்:

"போதகரய்யா, ஏவாளுக்குப் பாம்பு சொல்லிக் குடுத்து. ஆதாமுக்கு ஏவா குடுத்தா. இந்தத் தூதமாரு விழுந்தாவளே, அவியளுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

போதகர் செயினை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "யாரும் சொல்லிக் குடுக்கல்ல அண்ணாச்சி. அவங்களுக்குப் பிசாசு கிடையாதே. அவங்களாத்தான்."

"தானாவா?"

"ஆமா. தேவன் அவங்களுக்கும் இஷ்டம்னு ஒண்ணு குடுத்திருந்தாரு. வேண்டாம்னு சொல்ல முடியாதவன் சரின்னு சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்?"

ஞானையன் வாசற்படியில் உட்கார்ந்தார். "அப்பம் விழாம நிக்கிய தூதமாரு?"

"அவங்களும் அப்படித்தான். கெட்டிப் போட்டா நிக்கிறாங்க? நிக்கணும்னு நினைச்சு நிக்கிறாங்க. அப்படித்தான் படிச்சிருக்கேன். முழுசா எனக்கும் தெரியாது அண்ணாச்சி." போதகர் கருப்பு கிரீஸ் பட்ட கையால் மூக்கைச் சொறிந்ததில் மூக்கும் கருப்பானது. "ஆமா, ஏன் கேக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல" என்று எழுந்து வந்துவிட்டார். ஆறுதல் கிடைக்கும் என்று போனவருக்குப் பயம் இரட்டிப்பானது. விழுந்தவனும் தானாகவே விழுந்தான், நின்றவனும் தானாகவே நின்றான் என்றால், தான் யார்? ஞானையன் விழவும் இல்லை, நிற்கவும் இல்லை. முப்பது வருஷமாக யாரோ நகர்த்த நகர்ந்திருக்கிறார். அன்று வீடு வரும்வரை இதையே நினைத்து நடந்தார்.

பிப்ரவரியில் ரப்பர் இலையெல்லாம் கொட்டி, பால் வெட்டு நின்றது. மதுரையில் விசாரணைக்குத் தேதி வந்தது. உறுப்புக் கொடுப்பவரை உட்காரவைத்து ஒரு குழு கேள்வி கேட்கும். அண்ணன் தம்பி என்பதற்கு அத்தாட்சியெல்லாம் வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, ஞானஸ்நானச் சான்று என்று ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, ஜங்ஷனில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஸ்டெனியிடம் போனார். சபைக்கு வாக்குத்தத்த அட்டை அடித்துக் கொடுப்பதும் அவள்தான். மெஷினுக்குள் வைக்கக் காகிதங்களை உருவியபோது, ரோஜாப்பூ அட்டையும் கூட வந்து மேஜையில் விழுந்தது. ஸ்டெனி எடுத்துப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"ஐயோ! இது... இது உங்களுக்கா வந்து அண்ணா?"

ஞானையன் பிடுங்கப் போனார். அவள் விடவில்லை. மானிட்டரைத் திருப்பிப் பட்டியலைத் தேடினாள். "எனக்க தப்பு அண்ணா. ஒரே அப்போஸ்தலன் எழுதின ரெண்டு கடிதம், முதலாம் நிருபம் ரெண்டாம் நிருபம்னு, உண்டு இல்லியா? சபைக் கமிட்டி எழுதித் தந்தது முதலாவது. நான் போன்ல இருந்து எடுக்கும்போ ரெண்டாவதத் தட்டிட்டேன். அதிகார நம்பரும் வசன நம்பரும் ஒண்ணுதான். எரநூறு வசனம்! வாசிச்சுப் பாக்க நேரமில்ல. ஒட்டி ஒட்டி விட்டேன். அண்ணா, போதகர்ட்ட சொல்லிராதீங்க. அடுத்த வருசம் எனக்கு ஆர்டர் தரமாட்டாவ."

"அப்பம் எனக்குள்ள வசனம் என்ன?"

அவளே அடித்து, வெட்டி, லேமினேட் செய்து சுடச்சுட நீட்டினாள். மனிதர் தள்ளினாலும் தேவன் தெரிந்தெடுத்த விலையேறிய உயிருள்ள கல்லைப் பற்றிய வசனம். நல்லவேளையாக அது ஜனவரியில் வரவில்லை. வந்திருந்தால், கல் என்றதும் தன் கிட்னியில் கல் இருப்பதாக அர்த்தம் பண்ணி ஸ்கேனுக்கு ஓடியிருப்பார்.

"இதாக்கும் உங்க கார்டு அண்ணா. அதத் தூரப் போடுங்க."

ஞானையன் இரண்டு அட்டையையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் எடுத்தது எனக்குள்ளதா, எடுத்திருக்க வேண்டியது எனக்குள்ளதா?"

"எனக்கு எப்பிடி அண்ணா தெரியும்? நான் ஜெராக்ஸ் கடக்காரி."

"முன்ன அடிச்சதெல்லாம்?"

"பத்து வருசமா நான். அதுக்கு முன்ன யாரு அடிச்சாவளோ. அவியளும் வாசிச்சிருப்பாவளான்னு..." அவள் முடிக்கவில்லை. வேறு ஆள் பிரிண்ட் எடுக்க வந்துவிட்டார்.

சங்கிலி கழன்றதென்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவரோ ரோட்டோரத்துக் கலுங்குச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். ஜெஸ்பின், பெபிஷாவின் படிப்பு, கட்டிய வீடு, வேண்டாமென்று விட்ட வெளிநாட்டு விசா, எதெது ஆண்டவர் சொன்னது, எதெது அச்சில் நேர்ந்தது? கேட்டு நடந்தேன் என்று இனி யாரிடம் சொல்வது? பயமுறுத்துகிற வசனமாவது ஒரு பிடிமானமாக இருந்தது. இப்போது அதுவும் இல்லை. மதுரைக்கு நாலே நாள் இருந்தது.

விசாரணை அறையில் மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த டாக்டரம்மாவுக்கு நரைத்த முடி, கனிவான முகம். பேசுவதைப் பதிய ஒரு மூலையில் வீடியோ கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஜெஸ்பினிடம் தனியாகக் கேட்டு அனுப்பிவிட்டார்கள். பெயர், ஊர், தொழில் என்று கேட்டார்கள். அவர் பேசிய ராகத்தைக் கேட்டு, "மலையாளமா நீங்க?" என்றார் ஓரத்திலிருந்தவர். "இல்ல சார், தமிழுதான்" என்றார் ஞானையன். மதுரைக்கு வந்தாலே அதை நாலு பேரிடம் சொல்லிப் பழக்கம்.

"உங்க தம்பிக்கு உங்க சிறுநீரகத்தைக் கொடுக்கிறது உங்க சுயவிருப்பமா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

ஞானையன் மேஜைமேல் கிடந்த தன் ஆதார் நகலையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா மறுபடியும் கேட்டார்.

"இல்ல டாக்டரே" என்றார். "இதுவர இல்ல."

மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். யார் கட்டாயப்படுத்தினார்கள் என்று கேட்டார்கள். யாருமில்லை என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அட்டை, தூதர்கள், பொய், ஜெராக்ஸ் கடை, எல்லாம். பாதி அவர்களுக்குப் புரிந்திருக்காது. சொல்லி முடித்ததும் டாக்டரம்மா வீடியோவை நிறுத்தச் சொன்னார்.

"ஐயா, கேளுங்க. உங்களுக்கு விருப்பமில்லைன்னா நாங்க காரணம் எழுதமாட்டோம். உடல் தகுதி இல்லைன்னு மட்டும் எழுதுவோம். உங்க தம்பிக்கோ வீட்டம்மாவுக்கோ என்னைக்குமே தெரியாது. யாரும் உங்களைக் குறை சொல்லமாட்டாங்க. வெளியில போய்ச் சாப்பிட்டுட்டு வந்துகூடச் சொல்லலாம்."

இப்படி ஒரு கதவு திறக்கும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. ஊருக்குத் தெரியாது. தம்பிக்குத் தெரியாது. டாக்டர் எழுதிவிட்டால் பழி கிட்னிமேல்தான். எந்த வசனமும் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. இந்த வயதுவரை அவருக்கு யாருமே இப்படி இடம் விட்டதில்லை. ஆண்டவரே என்று மனதுக்குள் கூப்பிட்டுப் பார்த்தார். ஆண்டவர் அங்கே இருந்திருப்பார், ஆனால் அவரும் ஒன்றும் சொல்லவில்லை. பதினாலு வயதில் பெட்டிக்குப் பின்னால் தனியாக நடந்த பயலை நினைத்தார். தான் ஓடிவிட்டால் எவ்வளவு நன்றாகத் தூக்கம் வரும் என்றும் நினைத்தார். மறைக்க ஒன்றுமில்லை, அதையும்தான் நினைத்தார்.

"எழுதாண்டாம்" என்றார். "நான் குடுக்கேன். எனக்கு நல்ல பேடி உண்டு டாக்டரே, பயம். ஆனாலும் குடுக்கேன்."

"யார் சொல்லி?"

"ஒருத்தரும் சொல்லல்ல. நானாத்தான்."

டாக்டரம்மா வீடியோவை மறுபடியும் போடச் சொன்னார். அனுப்பும்போது, ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரைக்கும் எந்த நேரமும் மனசு மாறலாம், அது உங்கள் உரிமை என்றும் சொல்லி அனுப்பினார்.

வெளியே பெஞ்சில் யோவான், ஜெஸ்பின், சபிதா மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். ஞானையன் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "பயப்படாதேன்னு எனக்கு வசனம் ஒண்ணும் வரல்லலே. நான் பொய்யாக்கும் சொன்னேன்" என்றார். ஜெஸ்பின் வாயில் கையை வைத்தாள். யோவான் அண்ணன் கையைப் பிடித்தான்.

"அப்பம்... இல்லியா அண்ணா?"

"உண்டு. சரின்னு சொல்லியாச்சு. ஆனா ஆண்டவர் சொல்லிச் சொன்னதில்ல. நான் சொன்னது."

யோவான் அதை மனதுக்குள் புரட்டிப் பார்த்தான். ஆண்டவர் சொன்னார் என்றால் மாறாது. அண்ணன் சொன்னார் என்றால்? டீயா காப்பியா என்று சொல்லத் தெரியாத அண்ணன். அவன் கடைசியில் கேட்டது அதுதான்: "நாளைக்கு மாத்திச் சொல்லுவியா அண்ணா?"

"மாத்தலாம்னுதான் டாக்டரு சொல்லுதா. அதாக்கும் எனக்கும் பேடி."

ஆபரேஷனுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. யோவானை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள், ஞானையன் ஊருக்கு வந்தார். தினமும் காலையில் எழுந்து பல்லைத் தேய்த்துவிட்டு, முற்றத்தில் இரண்டு நடை நடந்து, பிறகு மதுரைக்குப் போன் போடுவார். "இன்னைக்கும் சரிதாம்லே" என்பார். யோவான் "சரி அண்ணா" என்பான். அவ்வளவுதான் பேச்சு. ஆறாவது நாள் நடை இரண்டில் நிற்கவில்லை. பத்து, இருபது என்று போய் எட்டு மணி ஆகிவிட்டது. ஜெஸ்பின் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மதுரையில் யோவான் போனை மடியில் வைத்துக்கொண்டு கஞ்சியைத் தொடாமல் இருந்தானாம். எட்டேகாலுக்குப் போன் போயிற்று. அன்றைக்கும் சரிதான்.

பதின்மூன்றாம் நாள் காலையில் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தபோது ஞானையனுக்குப் பல் கிட்டியது. பச்சை உடுப்புப் போட்ட நர்ஸ் பெண், பெபிஷா வயதுதான் இருக்கும், போர்வையை இழுத்துவிட்டாள்.

"குளிருதா ஐயா?"

"இல்ல பிள்ளே. பேடியாக்கும்."

அவளுக்கு அந்தச் சொல் புரியவில்லை. நடுக்கம் புரிந்தது. குனிந்து, அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வேண்டாம்னா இப்பவும் சொல்லலாம் ஐயா" என்றாள்.

"தெரியும்" என்றார் ஞானையன். "உள்ள தள்ளும்மா."